டச் எத்தனை? முதல் டிஜிட்டல் பியானோவை வாங்கிப் பழக ஒரு வழிகாட்டி

சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் வெள்ளி வேலை செய்கிறவர்களுக்கு ‘டச்’ என்றால் ஒரே அர்த்தம்தான். அந்த உருப்படியில் சுத்த வெள்ளி நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. கொலுசு கைக்கு வந்ததும் ‘டச் எத்தனை?’ என்றுதான் வாய் கேட்கும். சில வருடங்களுக்கு முன்னால் மகளுக்கு பியானோ சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு, வீட்டில் பழக ஒன்று வாங்கப் போனேன். கடைக்காரர் ஒரு கீபோர்டைக் காட்டி, “டச் இருக்கு சார், பியானோவும் இதுவும் ஒண்ணுதான்” என்றார். டச் இருக்கிறது என்ற வார்த்தையே எனக்குப் போதுமாக இருந்தது. எத்தனை என்று கேட்கத் தோன்றவில்லை. 61 கட்டை, நானூறு சொச்சம் ஓசை, நூற்றுச் சொச்சம் தாளம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக வந்தேன்.

மூன்றாவது மாதம் டீச்சர், மகளின் விரல்களைப் பார்த்துவிட்டு, “வீட்ல எதுல வாசிக்கிறா?” என்று கேட்டார். அவர் வீட்டுப் பியானோவில் அவளுடைய நான்காம் விரலும் சுண்டுவிரலும் கட்டையைக் கீழே இறக்கவே திணறின. வீட்டில் அதே பாடத்தைச் சரளமாக வாசிப்பாள். தப்பு அவள் மேல் இல்லை என்று புரிய எனக்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்திலும், அதன் பிறகு வாங்கிய டிஜிட்டல் பியானோவிலும் கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பது. மகளோடு சேர்ந்து நாற்பத்திரண்டு வயதில் நானும் உட்கார்ந்துவிட்டேன் என்பதால், பெரியவர்களுக்கும் பொருந்தும்.

ஒரு சொல்லை முதலிலேயே பேசிக்கொள்வோம். நம் ஊரில் ஆர்மோனியக் காலத்திலிருந்தே கீயைக் ‘கட்டை’ என்றுதான் சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

எதற்கு வாங்குகிறீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கடைக்குப் போகவே வேண்டாம். நம் ஊரில் ‘கீபோர்டு கிளாஸ்’ என்ற பலகையின் கீழ் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, இடது கையில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) பிடித்து, தானாக ஓடும் தாளத்தோடு வலது கையில் மெட்டு வாசிப்பது. மெல்லிசைக் குழு, சர்ச் பாடகர் குழு, பஜனை எல்லாவற்றுக்கும் இதுதான் தேவை. லண்டன் டிரினிட்டி காலேஜ் தேர்வுகளிலேயே எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கென்று தனி சிலபஸ் இருக்கிறது, பியானோவுக்குத் தனி. கீபோர்டு சிலபஸில் தாளமும் ஓசை மாற்றமும் தேர்வின் பகுதி. அந்தப் பிள்ளைக்கு டிஜிட்டல் பியானோ வாங்கிக் கொடுத்தால் அது எனக்கு நடந்ததற்கு நேர் எதிரான தவறாக முடியும். 61 கட்டைக் கீபோர்டு வாங்குங்கள், மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

இரண்டாவது, இரண்டு கையும் தனித்தனி வேலை செய்யும் பியானோ. டிரினிட்டி அல்லது ஏ.பி.ஆர்.எஸ்.எம். (இன்னொரு லண்டன் இசைத் தேர்வு வாரியம்) பியானோ கிரேடு போகிற பிள்ளைகள், சும்மா ஆசைக்குப் பழகுகிற பெரியவர்கள் எல்லோரும் இதில் வருவார்கள். டீச்சரிடம் ‘எந்த சிலபஸ், பியானோவா கீபோர்டா?’ என்று நேராகக் கேட்டுவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் வெட்கப்பட்டதற்குப் பதினோராயிரம் ரூபாய் கொடுத்தேன்.

கர்நாடக சங்கீதம் பாட சுருதி வேண்டும் என்று மட்டும் வாங்க நினைக்கிறவர்களுக்கு சுருதிப் பெட்டியோ போனில் ஒரு ஆப்போ போதும். பியானோவில் கமகம் வராது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஒன்றுமில்லை.

நிஜப் பியானோ ஏன் வேண்டாம்?

வேண்டாம் என்று சொல்லவில்லை, வைத்துக் காப்பாற்றுவது கஷ்டம் என்கிறேன். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பங்களாவில் பழைய பியானோ ஒன்றைப் பார்த்தேன். மூடியைத் திறந்து நடுவில் ஒரு கட்டையை அமுக்கினேன். இறங்கியது, எழவில்லை. பக்கத்துக் கட்டையும் அப்படியே. சேர்வராயன் மலையில் 1,500 மீட்டர் உயரத்தில் வருடத்தில் பல மாதம் ஜன்னல் வழியாக மேகம் வீட்டுக்குள் வந்து போகிறது. மரமும் கம்பளித் துண்டும் ஈரம் குடித்து ஊதிவிடும். கீழே சேலத்தில் சித்திரை வெயிலில் அதே மரம் காய்ந்து சுருங்கும். நிஜப் பியானோவில் ஏறத்தாழ 230 கம்பிகள். பருவம் மாறும்போதெல்லாம் சுருதி நகரும், டியூனர் வெளியூரிலிருந்து வர வேண்டும். டிஜிட்டலில் கம்பி கிடையாது, சுருதி கலையாது. அப்புறம், ஹெட்போன் போட்டுக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கும் வாசிக்கலாம். சேலத்துக் குகைப் பகுதி மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எடை, எடை, எடை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

1700-ஐ ஒட்டி இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி என்பவர் செய்த பியானோவின் சூட்சுமம் சுத்தியல். கட்டையின் முனையை அமுக்கினால் உள்ளே ஒரு சுத்தியல் எகிறிப் போய்க் கம்பியை அடித்துவிட்டுத் திரும்பும். அமுக்குகிற வேகத்துக்குத் தகுந்தபடி சத்தம் கூடும், குறையும். ஒரு கட்டையை மெதுவாகக் கீழே இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை வேண்டும். எங்கள் தொழிலில் சொன்னால், ஒரு குழந்தைக் கொலுசு ஜோடியைக் கட்டையின் நுனியில் வைத்தால் அது தானாக இறங்கும். இறங்கும் ஆழம் 10 மில்லிமீட்டர் அளவு.

நல்ல டிஜிட்டல் பியானோவில் கம்பி இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும் எடை வைத்த ஒரு சுத்தியல் உண்டு. அது எதையும் அடிக்காது, விரலுக்குச் சுமை கொடுக்க மட்டும் இருக்கிறது. இதைத்தான் ஹேமர் ஆக்‌ஷன் என்கிறார்கள். இடது கோடியில் சற்று கனமாகவும் வலது கோடியில் லேசாகவும் இருந்தால் கிரேடட் ஹேமர். நிஜப் பியானோவிலும் அப்படித்தான்.

சத்தத்தைத் தீர்மானிப்பது வேறொரு பொறி. கட்டைக்குக் கீழே இரண்டு (சிலவற்றில் மூன்று) ஸ்விட்ச்கள் வெவ்வேறு ஆழத்தில் இருக்கும். முதல் ஸ்விட்ச் தட்டுப்பட்டதற்கும் அடுத்தது தட்டுப்பட்டதற்கும் இடையிலான நேரத்தை மெஷின் அளக்கிறது. நேரம் குறைந்தால் வேகம் அதிகம், வேகம் அதிகமென்றால் சத்தம் அதிகம். இந்த வேகத்தை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்கிக்கொள்கிறது. இசைக் கருவிகளும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள 1983-இல் வந்த மிடி முறையில் இன்றும் அதே எண்தான்.

இப்போது கடைக்காரர் சொன்ன ‘டச்’சுக்கு வருவோம். டச் ரெஸ்பான்ஸ் என்றால் இந்த ஸ்விட்ச் அளவு மட்டும்தான். மெதுவாக அமுக்கினால் மெதுவாகக் கேட்கும், ஓங்கி அமுக்கினால் ஓங்கிக் கேட்கும். எடையைப் பற்றி அந்த வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. நான் வாங்கிய கீபோர்டில் அந்த டச் இருந்தது, எடை இல்லை. கட்டைக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங் மட்டும் இருந்தது. கடைக்காரர் பாதி உண்மையைச் சொன்னார், மீதிப் பாதியை நான் கேட்கவில்லை.

பெட்டியில் அச்சாகியிருக்கும் வார்த்தைகளை இப்படிப் படித்துக்கொள்ளுங்கள். டச் சென்சிடிவ் என்று மட்டும் இருந்தால் ஸ்பிரிங். செமி வெயிட்டெட் என்றால் கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங், அவ்வளவுதான். ஃபுல்லி வெயிட்டெட், ஹேமர் ஆக்‌ஷன், கிரேடட் ஹேமர், ஸ்கேல்டு ஹேமர் என்று இருந்தால் சுத்தியல் உண்டு. ‘பியானோ ஸ்டைல் கீஸ்’ என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். அது கட்டையின் உருவத்தைச் சொல்கிறது.

வார்த்தையை நம்பாமல் விரலை நம்பவும் வழி இருக்கிறது. பவரை அணைத்துவிட்டு ஒரு வெள்ளைக் கட்டையை மிக மெதுவாக, மூன்று எண்ணுவதற்குள் இறங்குகிற மாதிரி அமுக்குங்கள். பிறகு அதையே சட்டென்று தட்டுங்கள். சுத்தியல் இருந்தால் மெதுவாகப் போகும்போது சுமை சீராக இருக்கும், சட்டென்று தட்டும்போது எதிர்த்து நிற்கும். கிணற்றில் வாளியை மெதுவாக இழுப்பதற்கும் வெடுக்கென்று இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஸ்பிரிங் என்றால் கீழே போகப் போக இறுகும், விட்டதும் துள்ளி எழும். இரண்டையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் தொட்டுவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது.

88 வேண்டுமா?

முழுப் பியானோவில் 88 கட்டைகள்: 52 வெள்ளை, 36 கறுப்பு. உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு வருடப் பாடங்களில் இரண்டு கோடிகளையும் தொடவே மாட்டீர்கள். 61-லேயே அவை அடங்கிவிடும். ஆனாலும் 88 என்று சொல்வதற்குக் காரணம் எண்ணிக்கை இல்லை. சுத்தியல் வைத்த மாடல்கள் பெரும்பாலும் 88 கட்டையாகத்தான் வருகின்றன.

வீட்டில் இடத்தை அளந்துவிட்டுப் போங்கள். 88 கட்டைக் கருவிகள் நீளத்தில் 130 சென்டிமீட்டரை ஒட்டி, சற்று முன்னே பின்னே இருக்கும். எங்கள் வீட்டில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த இடம் 128. பீரோதான் நகர்ந்தது.

எந்த மாடல்?

தொடக்கக்காரர் பார்க்க வேண்டியவை மூன்று நான்குதான். யமஹா பி-145, 11.1 கிலோ, 64 பாலிஃபோனி (இது என்னவென்று கீழே சொல்கிறேன்). ரோலண்ட் எஃப்.பி-10, 12.3 கிலோ, 96 பாலிஃபோனி. கேசியோ சி.டி.பி.-எஸ்110, 10.5 கிலோ, 64 பாலிஃபோனி. மூன்றிலும் 88 கட்டை, மூன்றிலும் சுத்தியல். ஸ்டாண்ட் இல்லாமல் சுமாராக 40,000 ரூபாயை ஒட்டித் தொடங்கி 60,000-க்குள் வரும். விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். இதற்கு மேலே போனால் எஃப்.பி-30எக்ஸ், பி-225, கேசியோவின் பி.எக்ஸ்.-எஸ்1100 எல்லாம் இருக்கின்றன. ஸ்பீக்கரும் ஓசையும் கூடும். முதல் பியானோவுக்கு அவசியம் இல்லை.

என் விரலுக்கு ரோலண்டின் கட்டை கொஞ்சம் கனம், மேற்பரப்பு சொரசொரப்பு. கோடையில் வியர்த்த விரலுக்கு அது பிடித்தது. யமஹா லேசு. கேசியோ மெலிசானது, மேசை மேல் வைத்து எடுத்து வைக்கச் சௌகரியம். இது என் கை சொல்கிற கணக்கு. உங்கள் கை வேறு சொல்லலாம், அதைத்தான் கேட்க வேண்டும்.

பாலிஃபோனி என்பது ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் தாங்கும் என்ற எண். பத்து விரலுக்கு 64 எதற்கு என்று தோன்றும். பெடலை மிதித்தால் விட்ட கட்டைகளும் ஒலித்துக்கொண்டே இருக்கும், ஒரே சுரத்துக்கு இடது வலது என்று இரண்டு ஒலிகள் செலவாவதும் உண்டு. தொடக்கக்காரருக்கு 64 தாராளம். இந்த எண்ணுக்காக ஐயாயிரம் கூடக் கொடுக்காதீர்கள். ஓசைகளின் எண்ணிக்கைக்கு ஐந்து ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு பியானோ ஓசையும் ஒரு ஆர்கனும் தவிர மற்றவை முதல் வாரத்தோடு சரி.

கடையில்

சேலத்துக் கடைகளில் பெரும்பாலும் 61 கட்டைதான் வெளியே இருக்கும். 88 கேட்டால் ‘ஆர்டர் போட்டா வரும்’ என்பார்கள். தொட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கோயம்புத்தூரோ பெங்களூரோ போகும் வேலை இருந்தால் அங்கே பெரிய கடையில் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து இங்கே வாங்கலாம். தெரிந்த சர்ச்சிலோ பள்ளியிலோ ஒன்று இருந்தால் அனுமதி கேட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதும் நல்லது.

கடைப் பையன் டெமோ பட்டனை அமுக்குவான், கடையே அதிரும். அதை நிறுத்தச் சொல்லுங்கள். வால்யூமைப் பாதியில் வையுங்கள். நடுவில் ஒரு கட்டையை, சத்தமே வராத அளவுக்கு மெதுவாக அமுக்கிப் பாருங்கள். பிறகு சத்தம் வந்தும் வராத அளவுக்கு. அந்த எல்லையில் பத்துத் தடவை வாசித்து ஏழெட்டுத் தடவை சத்தம் வந்தால் கட்டையும் ஸ்விட்சும் நல்லவை. கறுப்புக் கட்டைகளை நுனியில் மட்டுமல்ல, உள்பக்கமும் அமுக்குங்கள். அங்கே எல்லாக் கருவியும் கனக்கும், எவ்வளவு கனக்கிறது என்பதுதான் கேள்வி. கடைசியாக வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு வேகமாக வாசித்துக் கேளுங்கள். ‘டொக் டொக்’ என்று கட்டை அடிக்கும் சத்தம் வரும். மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு ஹெட்போன் போட்டாலும் இந்தச் சத்தம் கீழ்வீட்டுக்குப் போகும். ஸ்டாண்ட் காலுக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் பெருமளவு குறையும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் 88-ஐயும் ஒவ்வொன்றாக, மெதுவாக ஒரு தடவை, ஓங்கி ஒரு தடவை அமுக்க வேண்டும். அலுப்பு பார்க்காதீர்கள், ஐந்து நிமிடம்தான். மெதுவாகத் தொட்டாலும் ஒரு கட்டை மட்டும் கத்தினால், அல்லது ஊமையாக இருந்தால், உள்ளே ரப்பர் காண்டாக்ட் அழுக்காகியோ தேய்ந்தோ இருக்கிறது. சரிசெய்யக்கூடியதுதான், விலையில் பேசிக்கொள்ளலாம். ஒரிஜினல் அடாப்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். பஜாரில் கிடைக்கும் ஏதோ ஒரு அடாப்டரைச் செருகினால் வோல்டேஜோ முனையோ மாறிக் கருவியே போய்விடும்.

கூடவே வாங்க வேண்டியவை

ஸ்டாண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். எக்ஸ் வடிவ ஒற்றை ஸ்டாண்ட் கீபோர்டுக்குச் சரி. சுத்தியல் கட்டையில் ஓங்கி வாசித்தால் பியானோ ஆடும், முழங்காலும் இடிக்கும். மேசை வடிவம், இசட் வடிவம், அல்லது அதே கம்பெனியின் மரச் சட்டம் எடுங்கள். உயரம் இப்படிப் பாருங்கள்: உட்கார்ந்து தோளைத் தளர்த்தி முழங்கையை மடக்கினால் முன்கை தரைக்கு இணையாக, கட்டை மட்டத்திலேயே இருக்க வேண்டும். கட்டையின் மேல்புறம் தரையிலிருந்து 72 சென்டிமீட்டர் அளவு இருந்தால் பெரியவர்களுக்குச் சரிவரும். பிள்ளைகளுக்கு ஸ்டூலை உயர்த்தி, காலுக்குக் கீழே ஒரு பலகை போடுங்கள். தொங்குகிற காலோடு முதுகு நிமிராது. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், முழங்கை போய் இடிக்கும்.

கூட வருகிற பெடல் பெரும்பாலும் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய சதுரம். நம் மொசைக் தரையில் மிதிக்க மிதிக்க ஓடிப் போய்ச் சுவரில் முட்டும். அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டேன், நின்றது. ஒரு வருடம் கழித்து நிஜப் பியானோ பெடல் மாதிரி நீளமானதை வாங்கிக்கொள்ளலாம். ஒன்று கவனியுங்கள்: பெடலை மிதித்துக்கொண்டே பவரைப் போட்டால் சில மாடல்களில் பெடல் தலைகீழாக வேலை செய்யும். காலை எடுத்துவிட்டு, அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்க வேண்டும். புளூடூத் ஹெட்போனில் விரல் விழுந்து ஒரு கணம் கழித்துச் சத்தம் வரும், வாசிக்கவே முடியாது. பிளக் அளவு சில மாடல்களில் 3.5, சிலவற்றில் 6.35 மில்லிமீட்டர். மாற்றும் முனை நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

வீட்டில் காப்பாற்றுவது

சேலத்தில் எதிரி தூசி. தறி ஓடுகிற தெருவென்றால் பஞ்சுத் தூசி. கட்டை இடுக்கு வழியாக இறங்கி ரப்பர் காண்டாக்ட்டில் படியும். வாசித்து முடித்ததும் ஒரு பருத்தி வேட்டியை இரண்டாக மடித்து மூடிவிடுங்கள். ஏற்காட்டில் எதிரி ஈரம். அங்கே பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்தது மாதிரி ஆகும். துணியும் சில சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். இரண்டு இடத்துக்கும் பொதுவான எதிரி எறும்பு. பியானோ பக்கத்தில் தட்டுவடை செட் சாப்பிடக் கூடாது என்று எங்கள் வீட்டில் சட்டமே இருக்கிறது.

மலைக்கு எடுத்துப் போவதென்றால் நிற்க வைக்காமல் படுக்கை வாக்கில், கட்டை மேலே பார்க்கிற மாதிரி வைத்துக் கட்டுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அது நகரக் கூடாது. குளிரிலிருந்து கீழே வெக்கைக்குக் கொண்டுவந்ததும் உடனே போடாதீர்கள். உள்ளே நீர் கோத்திருக்கலாம், இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். இடி மின்னல் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பல மாடல்கள் அரை மணி நேரம் தொடாமல் விட்டால் தானாக அணைந்துவிடும். அது ரிப்பேர் இல்லை.

முதல் நாள்

மூன்று விஷயம் சரிபாருங்கள். டச் அமைப்பு மீடியத்தில் இருக்கட்டும். ‘ஃபிக்ஸ்டு’ என்றிருந்தால் எப்படி அமுக்கினாலும் ஒரே சத்தம் வரும். வால்யூம் பாதிக்குச் சற்று மேலே. வால்யூமைக் குறைத்தால் காதுக்குப் பற்றாமல் விரல் ஓங்கி அடிக்கப் பழகும், கூட்டினால் விரல் பயந்து தடவப் பழகும். இரண்டும் பிறகு மாறாது. டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு) பூஜ்யத்தில் இருக்க வேண்டும். என் மனைவி ஒருநாள் தன் சுருதிக்குப் பாட அதை மாற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் ஒரு வாரம் அப்படியே பழகினேன். வகுப்பில் போய் உட்கார்ந்தால் தெரிந்த பாட்டே தெரியாத பாட்டாகக் கேட்கிறது.

கட்டை கண்டுபிடிப்பது சுலபம். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டமாக இருக்கும். இரண்டு கறுப்புள்ள கூட்டத்துக்கு இடதுபுறம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டை சி. 88 கட்டையில் இடமிருந்து நான்காவது சி-தான் நடு சி, மிடில் சி என்பது. தொப்புளுக்கு நேராக அது வருகிற மாதிரி உட்காருங்கள்.

பாட்டுப் பழகினவர்களுக்கு இன்னும் சுலபம். சுருதி சொல்லும் கணக்கில் சி ஒரு கட்டை, டி இரண்டு கட்டை, ஈ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து, ஏ ஆறு. கறுப்பெல்லாம் அரை: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஏனென்று இப்போது பியானோவைப் பார்த்தால் தெரியும். ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்பே இல்லை.

முதல் மாதம்

கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5, இரண்டு கைக்கும் அப்படியே. விரல்கள் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்த வளைவில் இருக்கட்டும். மணிக்கட்டு தொங்கவும் கூடாது, தூக்கவும் கூடாது.

முதல் வாரம் ஐந்து விரல், ஐந்து கட்டை: சி, டி, ஈ, எஃப், ஜி. ஏறி இறங்குங்கள். மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள், ஒரு தட்டுக்கு ஒரு சுரம். ஐந்தும் ஒரே சத்தத்தில் வர வேண்டும். வராது. நான்காம் விரல் முனகும், கட்டைவிரல் கத்தும். முதல் வாரத்து வேலையே இந்தச் சண்டையைத் தீர்ப்பதுதான். எடை இல்லாத கீபோர்டில் இந்தச் சண்டை வெளியே தெரியாமலே போயிருந்தது.

இரண்டாவது வாரம் முழு ஆரோகணம். எட்டு சுரத்துக்கு ஐந்து விரல் என்பதால் வலது கையில் 1 2 3 வாசித்ததும் கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து எஃப்-ஐப் பிடிக்க வேண்டும்: 1 2 3 1 2 3 4 5. இடது கையில் 5 4 3 2 1, பிறகு மூன்றாம் விரல் மேலே தாண்டி 3 2 1. நுழையும்போது முழங்கை வெளியே தூக்கினால் தப்பு. சி-யை ஸ என்று வைத்தால் இது சங்கராபரணம். அதே விரல் வரிசையில் டி-க்குப் பதில் அதன் இடது கறுப்பையும், ஏ-க்குப் பதில் அதன் இடது கறுப்பையும் தொட்டால் மாயாமாளவகௌளை. சரளி வரிசை தெரிந்தவர்கள் அதை அப்படியே வாசிக்கலாம். சுரம் வாயில் இருப்பதால் விரலை மட்டும் கவனித்தால் போதும். டீச்சர் முதலில் புருவத்தை உயர்த்தினார், பிறகு ‘விரல் சரியா போனா போதும்’ என்று விட்டுவிட்டார்.

குழந்தைகள் அலுத்தால் ஒரு விளையாட்டு இருக்கிறது. மூன்று கறுப்புள்ள கூட்டத்தின் முதல் கறுப்பை ஸ என்று வைத்துக் கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள். மோகனம் வரும். பெடலை நீங்கள் மிதித்துக்கொள்ளுங்கள், பிள்ளை என்ன தட்டினாலும் அபசுரம் வராது.

மூன்றாவது வாரம் இரண்டு கையும் சேர்க்கும் வேலை. இடது கை தனியாக, வலது கை தனியாக, கண்ணை மூடிக்கொண்டு வரும் வரை சேர்க்காதீர்கள். சேர்க்கும்போது வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். எங்கே தடுக்குகிறதோ அந்த இரண்டு தாளக் கட்டத்தை மட்டும் ஐந்து தடவை வாசியுங்கள், முதலிலிருந்து தொடங்காதீர்கள். முதலிலிருந்தே தொடங்குகிறவர்களுக்கு எல்லாப் பாட்டிலும் முதல் நாலு வரி மட்டும் அற்புதமாக வரும். எனக்கு இன்னும் சில பாட்டுகள் அப்படித்தான்.

நேரத்தைப் பொறுத்தவரை தினம் இருபது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் என்பது விரலுக்குள் நிற்காது. பியானோவைப் பெட்டிக்குள்ளோ அலமாரி மேலேயோ வைத்தால் அந்த இருபது நிமிடமும் வராது. துணியை இழுத்தால் வாசிக்கலாம் என்கிற நிலையில் இருக்க வேண்டும்.

பெடலை முதல் இரண்டு மாதம் தொடாதீர்கள். அது எல்லாத் தப்பையும் பூசி மெழுகிவிடும். பிறகு தொடங்கும்போது, கட்டை விழுந்த பின்னால் மிதித்து, அடுத்த கார்டு விழும்போது எடுத்து, மறுபடி மிதிக்கப் பழகுங்கள். காலும் கையும் ஒன்றாக இறங்கினால் சத்தம் குழம்பும்.

அதன் பிறகு

ஆப் போதுமா, டீச்சர் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. எந்தக் கட்டையை எப்போது அமுக்கினீர்கள் என்று ஆப்புக்குத் தெரியும். மணிக்கட்டு தொங்குவது தெரியாது. முதல் மூன்று மாதமாவது ஒரு ஆள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். சுரக்குறிப்பு படிப்பதை அப்போதே தொடங்கிவிடுங்கள். கட்டை மேல் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டினால் கண் காகிதத்துக்குப் போகாமல் கட்டையிலேயே கிடக்கும்.

பின்னால் ஒரு யூ.எஸ்.பி. ஓட்டை இருக்கும், பல மாடல்களில் பழைய பிரின்டர் வயரில் வருகிற சதுர முனை. அதைப் போனிலோ கம்ப்யூட்டரிலோ செருகினால் பெரும்பாலான தொடக்க மாடல்களில் சத்தம் போகாது, எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகம் என்ற கணக்கு மட்டும் போகும். அந்த 1 முதல் 127 வரை எண்களைத் திரையில் பார்ப்பது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. நான்காம் விரல் 40, கட்டைவிரல் 85 என்று அப்பட்டமாகக் காட்டும். எங்கள் தொழிலில் வளர்ந்தவனுக்கு எண்ணாகச் சொன்னால்தான் உறைக்கும்.

பழைய 61 கட்டைக் கீபோர்டு ரொம்ப நாள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. விற்கப் போனால் மூவாயிரம் கேட்டார்கள். ஏற்காட்டில் இருக்கும் மச்சினன் மகன், ஊர்க் கோயில் பஜனைக்கு வாசிக்கிறவன், வந்து பார்த்தான். ஒரு தாளத்தை ஓடவிட்டு இடது கையில் கார்டு பிடித்தான். ஐந்தே நிமிடத்தில் வீடு களைகட்டிவிட்டது. “மாமா, இதுல டச் நல்லா இருக்கே” என்றான். எத்தனை என்று நான் கேட்கவில்லை. பெடலையும் சேர்த்துப் பெட்டியில் வைத்து பஸ் ஏற்றிவிட்டேன்.